காரைக்காலில் நிற்கும் வெள்ளைக் கப்பல்: டெல்டா கடலும் கடலோரக் காவல்படையின் ரோந்தும்

கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாறு பக்கத்திலிருந்து பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று ஏறத்தாழ நேர்கோடாகத் தெற்கே இறங்கும் காவிரி டெல்டாவின் கரை, கோடியக்கரைக்கு வந்ததும் மேற்கே திரும்பி முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் நோக்கிப் போகிறது. திருப்பத்துக்கு வடக்கே இருப்பது வங்காள விரிகுடாவின் திறந்த கடல். ஆழமும் அலையும் விரிவும் உள்ளது. தெற்கே இருக்கும் பாக் விரிகுடாவோ பெரும்பாலும் பதினைந்து மீட்டர் ஆழத்தைத் தாண்டாதது. கரையோரம் சேறும் சதுப்பும், எதிர்ப்புறம் அண்டை நாட்டின் யாழ்ப்பாணக் குடாநாடும் உள்ள ஒடுங்கிய நீர்ப்பரப்பு அது. ஒரே மாவட்டத்து மீனவர் இந்த இரண்டு கடலிலும் தொழில் செய்கிறார். அவரைக் காக்கவும், கண்காணிக்கவும், சில வேளைகளில் தடுத்து நிறுத்தவும் வருகிற கப்பல் இந்திய கடலோரக் காவல்படையினுடையது.

புதிய ரோந்துக் கப்பல் ஒன்று படையில் சேரும்போது அதன் பீரங்கியின் அளவும் உச்ச வேகமும்தான் செய்திகளில் முதலிடம் பிடிக்கின்றன. டெல்டாவில் இருந்து பார்ப்பவருக்கு அவை இரண்டாம்பட்சம். அந்தக் கப்பல் மிதக்க எவ்வளவு ஆழம் வேண்டும், கரைக்குத் திரும்பாமல் எத்தனை நாள் கடலில் நிற்கும், எந்தக் கோடு வரை போக அதற்குச் சட்டம் இடம் தருகிறது என்பவற்றைத் தெரிந்துகொண்டால்தான், இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைச் சிறைபிடித்த செய்தி வரும்போது "நம் கப்பல் எங்கே போயிற்று" என்று இங்கே எழும் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்கும்.

இப்படை பிறந்த காரணத்தில் போருக்குப் பெரிய பங்கு இல்லை. கடத்தல்தான் முதல் காரணம். 1960களிலும் 70களிலும் தங்கமும் கைக்கடிகாரமும் துணியும் மின்னணுப் பொருட்களும் கடல் வழியாக வந்திறங்கிய காலத்தில், சுங்கத்துறையிடம் இருந்த சிறு படகுகளால் அவற்றைத் தடுக்க இயலவில்லை. வேதாரண்யம் கரைக்கு அந்நாளில் இருந்த பெயரை இங்குள்ள மூத்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. போருக்கென்று கட்டிய கப்பல்களைக் கடத்தல் தோணிகளின் பின்னால் ஓட்டுவது கடற்படைக்கும் கட்டுப்படியாகவில்லை. 1974இல் கே.எஃப். ருஸ்தம்ஜி தலைமையில் அமைந்த குழு, கடலுக்கென்று தனிக் காவல் அமைப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. எல்லைப் பாதுகாப்புப் படையை உருவாக்கியவர் கையால் அந்த அறிக்கை வந்தது பொருத்தமே. இதற்கிடையில் மும்பைக்கு அப்பால் கடலடியில் எண்ணெய் கிடைத்தது. 1976இல் கடல் மண்டலச் சட்டம் வந்து, 12 கடல் மைல் வரை ஆட்சிக் கடல், 200 கடல் மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம் என்று வரையறுத்தது. 200 கடல் மைல் என்றால் 370 கிலோமீட்டர். அத்தனை தொலைவுக்கு உரிமை கொண்டாடினால் அத்தனை தொலைவுக்கும் யாராவது போய் நின்றாக வேண்டும்.

1977 பிப்ரவரி 1 அன்று இடைக்கால ஏற்பாடாக இயங்கத் தொடங்கிய அமைப்புக்கு 1978 ஆகஸ்ட்டில் தனிச் சட்டம் கிடைத்தது. பிரதமர் மொரார்ஜி தேசாய் முறைப்படி தொடங்கி வைத்தார். முதல் தலைமை இயக்குநர் வைஸ் அட்மிரல் வி.ஏ. காமத். அன்றைக்குக் கையில் இருந்தவை ஏழு கலங்கள்: கடற்படை கொடுத்த கிர்பான், குத்தார் என்ற இரண்டு பழைய போர்க்கப்பல்களும் ஐந்து ரோந்துப் படகுகளும். அந்த ஐந்தில் ஒன்றின் பெயர் பாம்பன், இன்னொன்றின் பெயர் புலிக்காட். நிர்வாகம் பாதுகாப்பு அமைச்சகத்திடமும் செலவுக்கான பணம் நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறையிடமும் இருந்ததை வைத்தே, அரசு இப்படையை எதற்காகத் தொடங்கியது என்று ஊகித்துவிடலாம். இன்று கப்பலும் படகுமாக அந்த எண்ணிக்கை 150ஐ ஒட்டி இருக்கிறது.

முதன்முதலாக இப்படைக்கென்றே கட்டப்பட்ட பெரிய ரோந்துக் கப்பல் விக்ரம். மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி 1983 டிசம்பரில் சேவைக்கு வந்த அதைத் தொடர்ந்து அதே வகையில் மொத்தம் ஒன்பது கப்பல்கள் வந்தன. அவற்றுள் வராஹா 2006இல் இலங்கைக் கடற்படைக்குப் போய் சாகரா ஆனது. வருணா 2017இல் இலங்கைக் கடலோரக் காவல்படைக்குப் போய் சுரக்ஷா ஆனது. டெல்லியில் அதற்கு அயலுறவுக் காரணங்கள் இருந்திருக்கும். ஆனாலும் நாகை மீனவ ஊர்களான அக்கரைப்பேட்டையிலோ கீச்சாங்குப்பத்திலோ இருந்து படிப்பவருக்கு அது கசப்பான செய்திதான். பழைய பெயர்கள் வீணாகவில்லை: சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியைத் தளமாகக் கொண்ட எல் அண்ட் டி நிறுவனம் 2018 முதல் 2021 வரை ஒப்படைத்த ஏழு புதிய கப்பல்கள் விக்ரம், விஜயா, வீரா, வராஹா, வரத், வஜ்ரா, விக்ரஹா என்று அதே பெயர்களைச் சூடிக்கொண்டன. 98 மீட்டர் நீளம், ஹெலிகாப்டர் இறங்கும் தளம், 26 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகம், 30 மில்லிமீட்டர் பீரங்கி, ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் 5,000 கடல் மைல் ஓட்டம், ஏறத்தாழ நூறு பேர் கொண்ட பணிக்குழு. சிக்கன வேகத்தில் போனால் இரண்டு வாரத்துக்கு மேல் கரையைத் தேடாமல் இருக்கக்கூடிய கப்பல் இது.

இத்தகைய கப்பல் வங்காள விரிகுடாவின் நடுவில் நிற்பதற்கு உரியது. டெல்டாக் கரையோரத்தில் அன்றாடம் தேவைப்படுவது அதற்கு அடுத்த நிலையில் உள்ள விரைவு ரோந்துக் கப்பல். கொச்சி கப்பல் கட்டும் தளம் 2013 முதல் 2016 வரை கட்டி முடித்த ஆதேஷ் வகையில் இருபது கப்பல்கள் உண்டு. நீளம் ஏறத்தாழ 50 மீட்டர். உச்ச வேகம் 33 நாட், அதாவது மணிக்கு 61 கிலோமீட்டர். ஆனால் இந்த 33 என்ற எண்ணை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். 1,500 கடல் மைல் ஓடும் என்று சொல்லப்படும் கணக்கு, 13 நாட் வேகத்தில் நிதானமாகப் போகும்போது பொருந்துவது. அந்த வேகத்தில் 115 மணி நேரம், கிட்டத்தட்ட ஐந்து நாள் ரோந்து கிடைக்கும். உச்ச வேகத்தில் ஓட்டினால் டீசல் கொட்டித் தீரும். ஆகவே ரோந்துக் கப்பல் பெரும்பாலான நேரம் விரைவதில்லை; தேர்ந்தெடுத்த தடத்தில் மெதுவாகப் போய் வந்துகொண்டு ரேடாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. காரைக்காலுக்குக் கிழக்கே 60 கடல் மைலில் ஒரு படகு தத்தளிப்பதாகத் தகவல் வந்தால், துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பல் முழு வேகத்தில் போனாலும் இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஏற்கெனவே கடலில் நிற்கும் கப்பல் திரும்பி வந்தால் அதில் பாதி நேரத்தில் சேரக்கூடும். ஆளே இல்லாத கடலில் வெறுமனே சுற்றிக்கொண்டிருப்பது வீண்செலவு என்று தோன்றுகிறவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

இவ்வகைக் கப்பல்களைத் தள்ளுவது நீர்த்தாரை இயந்திரம். நீரை உள்ளே இழுத்துப் பின்னால் பீய்ச்சும் அமைப்பு என்பதால் அடியில் விசிறி தொங்குவதில்லை. குறைந்த ஆழத்தில் போகலாம். செவுள் வலைகள் மைல் கணக்கில் விரிந்து கிடக்கும் கடலில் இது சிறு வசதி அன்று. இன்னும் கரையோரத்துக்கு 27.8 மீட்டர் நீளமுள்ள இடைமறிப்புப் படகுகள் இருக்கின்றன. அலுமினிய உடலும் மிகுந்த வேகமும் கொண்டவை, ஆனால் நாட்கணக்கில் வெளியே தங்க ஏற்றவை அல்ல. முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டை ஒட்டிய சேற்றுத் திட்டுகளில் அவையும் தரைதட்டும். அங்கே போகக்கூடியது மண்டபத்தில் நிறுத்தப்பட்டுள்ள ஹோவர்கிராஃப்ட் ஒன்றுதான். காற்று மெத்தைமேல் மிதந்து நீர், சேறு, மணல் மூன்றையும் கடக்கும் அது கிளப்பும் இரைச்சல் வெகு தூரத்துக்கு முன்பே வருகையை அறிவித்துவிடும் என்பதால் கள்ளத்தனமாகப் போய்ப் பிடிக்கும் வேலைக்கு உதவாது.

கப்பல் எங்கே நிற்பது என்பதையும் டெல்டாவின் மண்ணே தீர்மானித்தது. நாகப்பட்டினம் பழம்பெருமை வாய்ந்த துறைமுகம். ஆனால் கடுவையாற்று முகத்துவாரம் மணல் சேர்ந்து தூர்ந்துபோகிற இடம், விசைப்படகுகளே சில நேரம் நீரேற்றம் பார்த்துத்தான் உள்ளே வருகின்றன. 2009இல் இயங்கத் தொடங்கிய காரைக்கால் துறைமுகம் ஆழப்படுத்தப்பட்ட வாய்க்கால் கொண்டது. கடலோரக் காவல்படையின் நிலையமும் காரைக்காலில் அமைந்தது. நிர்வாகத்தில் அது புதுச்சேரியில் உள்ள மாவட்டத் தலைமையகத்தின் கீழும், அதற்கு மேலே சென்னையில் உள்ள கிழக்குப் பிராந்தியத்தின் கீழும் வருகிறது. தெற்கே பாக் விரிகுடாப் பக்கம் மண்டபம் நிலையம் இருக்கிறது. நாகை மாவட்டத்துக்கும் மயிலாடுதுறை மாவட்டத்துக்கும் நடுவில் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் துண்டாகக் காரைக்கால் கிடப்பதால், சிறு தொலைவுக்குள் இரண்டு மீன்வளத் துறைகளின் படகுகளைக் கப்பல் எதிர்கொள்கிறது. தொலைநோக்கியில் படகின் பக்கவாட்டைப் பார்த்தாலே தெரியும்: "ஐஎன்டி-டிஎன்-06-எம்எம்" என்று தொடங்கினால் நாகைப் பக்கத்து விசைப்படகு, "ஐஎன்டி-பிஒய்-பிகே-எம்எம்" என்றால் காரைக்கால்.

அந்தப் பதிவெண்ணைப் படித்த பிறகு நடப்பதையும் சொல்ல வேண்டும். கப்பல் விஎச்எஃப் என்ற வானொலிக் கருவியின் 16ஆம் அலைவரிசையில் அழைக்கிறது; பதில் வராவிட்டால் ஒலிபெருக்கி. தேவைப்பட்டால் கப்பலில் இருந்து ரப்பர் படகு ஒன்று இறக்கப்பட்டு நாலைந்து பேர் மீன்பிடிப் படகில் ஏறுவர். பதிவுச் சான்று, மீனவர் அடையாள அட்டை, கடலுக்குப் போக மீன்வளத் துறை கொடுத்த டோக்கன், அட்டையில் உள்ள ஆட்களும் படகில் உள்ள ஆட்களும் ஒன்றா, மீன் பெட்டிக்கும் ஐஸுக்கும் அடியில் வேறு சரக்கு ஏதும் உண்டா என்று பார்ப்பர். கஞ்சா, தங்கம், பீடி இலை, பிடிக்கத் தடை செய்யப்பட்ட கடல் அட்டை ஆகியவை இந்தக் கடலில் தேடப்படும் பொருட்கள். 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் கரையை நெருங்கினார்கள். அதன் பிறகு 2009இல் ஆட்சிக் கடலின் பாதுகாப்புப் பொறுப்பு இப்படையிடம் கூடுதலாகக் கொடுக்கப்பட்டதால் இந்தச் சோதனைகள் பெருகின. வலை இழுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கப்படுவது படகுக்காரருக்கு இழப்பு என்பதும் உண்மை. கப்பலில் தமிழ் பேசும் நாவிக் (மாலுமி) ஒருவர் இருக்கிற நாளில் அது பத்து நிமிடத்தில் முடிவதும், இல்லாத நாளில் நீள்வதும் இயல்பே. டெல்டா இளைஞர்கள் இப்படையின் ஆள்சேர்ப்புக்குக் கூடுதலாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதற்கு நான் சொல்லக்கூடிய நடைமுறைக் காரணம் இது ஒன்றே.

வெள்ளைக் கப்பலையும் சாம்பல் நிறக் கப்பலையும் வேறுபடுத்திப் பார்ப்பதும் அவசியம். வெள்ளை உடலில் காவிப் பட்டையும் நீலப் பட்டையும் சாய்வாக ஓடினால் கடலோரக் காவல்படை. சாம்பல் நிறம் கடற்படை. 1990இல் இலங்கை உள்நாட்டுப் போரையொட்டித் தொடங்கிய 'தாஷா' நடவடிக்கையில் இரண்டு படைகளும் பாக் நீரிணையில் சேர்ந்தே ரோந்து சுற்றின என்பதால், கரையில் இரண்டையும் ஒன்றாகப் பேசும் வழக்கம் நிலைத்துவிட்டது. 2022 அக்டோபர் 21 அன்று மயிலாடுதுறை மாவட்ட மீனவர் ஒருவர் காயமடைந்த துப்பாக்கிச் சூடு இந்தியக் கடற்படைக் கலத்திலிருந்து நடந்தது. எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்று கடற்படை விளக்கம் தந்தது. புகார் எழுதுகிறவர் எந்தப் படை என்று பிழையாக எழுதினால் அது தவறான அலுவலகத்துக்குப் போய்க் கிடக்கும்.

இனி "நம் கப்பல் எங்கே போயிற்று" என்ற அந்தக் கேள்விக்கு வருவோம். கோடியக்கரையிலிருந்து தென்கிழக்கே இருபது கடல் மைலுக்கும் குறைவான தொலைவில் ஒரு புள்ளி இருக்கிறது. 1974 ஜூனில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் எல்லைக்கோடு அந்தப் புள்ளியில் தொடங்கித் தெற்கே கச்சத்தீவைத் தாண்டி ஆதாம் பாலம் வரை போகிறது. 1976 மார்ச் ஒப்பந்தத்தின் கோடு அதே புள்ளியிலிருந்து வடகிழக்கே வங்காள விரிகுடாவுக்குள் ஏறுகிறது. இராமேசுவரத்தார் முதல் கோட்டோடு வாழ்கிறார்கள். நாகை, காரைக்கால் படகுகளோ இரண்டு கோடுகளும் சந்திக்கும் மூலையில் தொழில் செய்கின்றன. ஒரு விசைப்படகு மாலையில் கிளம்பினால் இரவுக்குள் அந்த மூலையைத் தொட்டுவிடும். கடலில் கோடு கண்ணுக்குத் தெரியாது. ஜிபிஎஸ் கருவியில் தெரியும். நீரோட்டம் இழுத்துப் போனதும் உண்டு, மீன் இருக்கும் பக்கம் தெரிந்தே போனதும் உண்டு. இரண்டையும் ஒரே வாயால் மறுப்பது யாருக்கும் உதவாது. கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடியை இலங்கை 2017இல் சட்டப்படி தடை செய்துவிட்டதால், கோட்டுக்கு அப்பால் பிடிபடும் இழுவைப் படகுக்கு எதிராக அங்கே இரட்டை வழக்கு நிற்கிறது.

கோட்டுக்கு அப்பால் இலங்கைக் கடற்படை ஒரு படகைப் பிடிக்கும்போது, இப்பால் நிற்கும் இந்திய ரோந்துக் கப்பல் உள்ளே நுழைந்து மீட்டு வர முடியாது. அடுத்த நாட்டின் ஆளுகைக்குள் அரசுக் கப்பல் அனுமதியின்றி நுழைந்து அந்நாட்டுச் சட்ட அமலாக்கத்தைத் தடுப்பது இரண்டு அரசுகளுக்கு இடையிலான மோதலாகிவிடும். அதற்கு உத்தரவிடும் அதிகாரம் கப்பலின் தளபதிக்கு இல்லை. 1978ஆம் ஆண்டுச் சட்டம் மீனவருக்குப் பாதுகாப்பும், இடரில் உதவியும் தருவதை இப்படையின் கடமைகளில் ஒன்றாகவே எழுதியிருக்கிறது. ஆனால் அக்கடமை இந்தியக் கடல் மண்டலங்களுக்குள் நிறைவேற்றப்பட வேண்டியது. அதனால் கப்பல் செய்யக்கூடியது கோட்டை நெருங்கும் படகுகளைத் திருப்பி அனுப்புவது. திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அது தொல்லையாகவும், பிடிபட்டவரின் குடும்பத்துக்கு அது கையாலாகாத்தனமாகவும் தெரிகிறது. விடுதலையான மீனவர்களைக் கோட்டில் வைத்து இலங்கைக் கடற்படையிடமிருந்து பெற்றுக் காரைக்கால் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த வேலையையும் இதே வெள்ளைக் கப்பல்கள் பலமுறை செய்திருக்கின்றன.

மறுபுறமும் உண்டு. இலங்கையின் பலநாள் மீன்பிடிக் கலங்கள் சூரை மீனைத் தேடி இந்தியப் பொருளாதார மண்டலத்துக்குள் வரும்போது, 1981ஆம் ஆண்டின் அயல்நாட்டுக் கலங்கள் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அவற்றைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவருவது கடலோரக் காவல்படைதான். பிடிபட்டவர்களின் உறவினர் அங்கே கேட்பதும், நம்மவர் இங்கே கேட்பதும் ஒரே கேள்வியே.

என் கணிப்பில் இப்படைமீது டெல்டா வைக்க வேண்டிய உண்மையான புகார் வேறொன்று. செருதூர், வெள்ளப்பள்ளம், ஆறுகாட்டுத்துறை போன்ற ஊர்களின் ஃபைபர் படகுகளை இரவில் அதிவேகப் படகுகளில் வந்து வழிமறித்து வலை, இயந்திரம், ஜிபிஎஸ், பிடித்த மீன் எல்லாவற்றையும் பறித்துப் போகும் கடற்கொள்ளை கடந்த சில ஆண்டுகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. கோட்டுக்கு இப்பால் நடந்த கொள்ளையில் 'அடுத்த நாட்டு ஆளுகை' என்ற தடை கிடையாது. வருகிறவர்கள் கால் மணி நேரத்தில் காரியத்தை முடித்துக் கோட்டைத் தாண்டிவிடுவதால், காரைக்காலில் கட்டியிருக்கும் 50 மீட்டர் கப்பலால் அங்கே பயனில்லை. கோடியக்கரையை ஒட்டியே இரவு முழுவதும் நிற்கும் இடைமறிப்புப் படகுகளும், படகுகளில் அவசர அழைப்புக் கருவியும் இருந்தால்தான் எதிர்கொள்ள முடியும். பீரங்கியை விட இடமும் நேரமும் முக்கியம் என்று மேலே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

எண்ணெய்க் கசிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடலில் எண்ணெய் பரவினால் அதை ஒருங்கிணைத்து எதிர்கொள்ளும் பொறுப்பும் இப்படைக்கே உரியது. 2020 செப்டம்பரில் ஏறத்தாழ 2.7 லட்சம் டன் கச்சா எண்ணெயோடு இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் தீப்பிடித்த நியூ டயமண்ட் கப்பலின் தீயை அணைப்பதில் சௌர்யா, சாரங், சமுத்ர பஹரேதார் ஆகிய இந்தியக் கப்பல்கள் முன்நின்றன. அந்த எண்ணெய் முழுவதும் கொட்டியிருந்தால் டெல்டாக் கரையும் தப்பியிருக்குமா என்று சொல்வதற்கில்லை. 2023 மார்ச்சில் நாகூரை ஒட்டிய பட்டினச்சேரியில் கடலோரக் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தபோது கரையிலேயே நடந்த போராட்டம் பலருக்கு நினைவிருக்கும். கரையில் ஒதுங்கிய எண்ணெயை அகற்றுவது மாநில அமைப்புகளின் வேலை என்பதால் அங்கே கப்பலின் பங்கு குறைவு.

புயல் காலத்தில்தான் இரண்டு கடலும் ஒன்றாகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தாழ்வழுத்தம் உருவானதும் ரோந்துக் கப்பல்களும் சென்னையிலிருந்து பறக்கும் டோர்னியர் விமானங்களும் வெளியே உள்ள படகுகளைத் தேடிப்போய், தமிழில் எச்சரித்து அருகிலுள்ள துறைமுகத்துக்குத் திருப்புகின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது தென்னையும் வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஆனால் அதற்குள் படகுகளில் பெரும்பாலானவை கரையேறியிருந்தன. புயல் இல்லாத நாளில் வரும் அழைப்புகள் சிறியவை: இயந்திரம் நின்றுபோன படகு, நெஞ்சுவலி வந்த மீனவர், சரக்குக் கப்பல் மோதி மூழ்கிய ஃபைபர் படகு. இவற்றுக்கெல்லாம் சென்னையில் உள்ள கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் பொறுப்பு. இந்தியாவின் மீட்புப் பொறுப்பில் உள்ள கடல் 46 லட்சம் சதுர கிலோமீட்டர்.

கடலோரக் காவல்படையை அழைக்க வேண்டிய எண் 1554. கடலோரக் காவல் நிலையங்களுக்கானது 1093. இது மாநிலக் காவல்துறையுடையது. கைப்பேசி அலைவரிசை கரையிலிருந்து சற்றுத் தள்ளிப் போனாலே விட்டுப்போகும் என்பதால், அங்கிருந்து அழைக்க முடியாதவருக்கு விஎச்எஃப் 16ஆம் அலைவரிசையும், செயற்கைக்கோள் வழி இடர் அறிவிக்கும் கருவியும்தான் வழி. பேசுகிறவர் முதலில் சொல்ல வேண்டியது ஜிபிஎஸ் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை. பிறகு படகின் பதிவெண், ஆட்களின் எண்ணிக்கை, என்ன நேர்ந்தது என்பவற்றை. ஊர்ப் பெயரும் "கோடியக்கரைக்குக் கிழக்கே" என்ற குறிப்பும் மட்டும் வந்தால், கப்பல் அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் தேடிக்கொண்டிருக்கும்.